வைரஸ் நிமோனியாவுக்குப் பிறகு நுரையீரல் பழையபடி ஆகுமா? உள்ளே என்ன நடக்கிறது?

தாமிரபரணிக்கரை

அப்பாவுக்கு 61 வயது. இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் நிமோனியாவாகி, ஐ.சி.யு.வில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்து, நல்லவேளையாக வென்டிலேட்டர் வரை போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். சர்க்கரை கிடையாது, சிகரெட் கிடையாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 96, 97 காட்டுகிறது. ஆனால் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிடுகிறார். சி.டி. அறிக்கையில் இரண்டு பக்கமும் ‘கிரவுண்ட் கிளாஸ்’ (தேய்த்த கண்ணாடி போல மங்கலான நிழல்) என்று போட்டிருக்கிறது.

பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சித்தப்பா, ‘நுரையீரல் ஒருதரம் போனா போனதுதான்’ என்கிறார். மாமா, ‘கல்லீரல் மாதிரி தானா வளர்ந்துரும்டா’ என்கிறார். டாக்டர் 6 வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஆறுதல் வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது. உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

நுண்ணறை

நான் டாக்டர் இல்லை, உயிரணு ஆய்வகத்தில் வேலை. அதனால் சிகிச்சை பற்றிப் பேச மாட்டேன், உள்ளே நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மாமா சொல்வதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. ஆனால் கல்லீரல் உதாரணம் சரிவராது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் பெருத்து ஈடுகட்டிவிடும். நுரையீரல் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. உயிரணுக்களைத் தாங்கி நிற்கும் சட்டகம் அப்படியே நின்று, அதன் மேலிருந்த உயிரணுக்கள் மட்டும் செத்திருந்தால், அந்தப் பரப்பை மறுபடி போர்த்திவிடும். சட்டகமே சிதைந்த இடத்தில்தான் தொல்லை.

நுரையீரலில் மூச்சுக்குழாய்களின் நுனியில் இருக்கும் குட்டிக் காற்றுப் பைகள்தான் காற்று நுண்ணறைகள். அவை ஒரு மனிதருக்குச் சராசரியாக 48 கோடி என்று 2004இல் எண்ணிக் கணக்கிட்டார்கள். ஒவ்வொன்றின் உள்சுவரிலும் முக்கியமாக இரண்டு வகை உயிரணுக்கள் உண்டு. முதல் வகை தட்டையாகப் பரந்து, பரப்பில் ஏறக்குறைய 95 சதவீதத்தை மூடியிருக்கும். ஆக்சிஜன் அது வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் எளிதில் சாகும், சாதாரணமாகப் பிரிந்து பெருகவும் செய்யாது. இரண்டாம் வகை குட்டையானது, கனசதுரம் மாதிரி இருக்கும். நுண்ணறை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பைச் சுரப்பது அதன் அன்றாட வேலை. பக்கத்தில் சேதம் வந்தால் அதுவே பிரிந்து பெருகி, அந்தப் பிள்ளைகளில் சில தட்டையாகி முதல் வகையாக மாறிவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு கொடுத்த எலிகளில் 1970களிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். 2013இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வகை உயிரணுக்களுக்கு நிற அடையாளம் போட்டு, அவற்றின் வாரிசுகளைப் பின்தொடர்ந்து உறுதி செய்தார்கள்.

இதில் ஒரு கொடுமை. இன்ஃப்ளூயன்சாவும் சரி, கொரோனாவும் சரி, ஆழமாக இறங்கும்போது தாக்குவது இந்த இரண்டாம் வகையைத்தான். பழுது பார்க்க வேண்டியவனே அடிபட்டுக் கிடக்கிறான்.

பழைய_சைக்கிள்

அப்படியானால் சளிக்காய்ச்சல் வந்த எல்லோருக்கும் இப்படியா? எனக்கு ஃப்ளூ வந்து போனால் ஒரு மாதம் இருமல் இழுக்கும். அதுவும் நுண்ணறை சேதமா?

நுண்ணறை

இல்லை, அது மேல் மாடி விவகாரம். மூச்சுக்குழாயின் உள்பூச்சில் குறு இழைகள் கொண்ட உயிரணுக்கள் வரிசையாக நின்று சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஃப்ளூயன்சா அவற்றை உரித்துப் போட்டுவிடும். அடியில் இருக்கும் அடித்தள உயிரணுக்கள் மட்டும் மிஞ்சும். அவை சில நாளிலேயே பிரியத் தொடங்கிவிடும், ஆனால் புதிதாக வந்தவற்றில் குறு இழை முளைத்து, எல்லாம் ஒரே திசையில் அசையப் பல வாரம் ஆகலாம். அதுவரை சளியை வெளியேற்ற இருமல்தான் ஒரே வழி. நரம்பு முனைகளும் எரிச்சலோடு இருக்கும், குளிர்ந்த காற்று பட்டாலே தொண்டை கிச்சுகிச்சு மூட்டும். வைரஸ் போன பிறகு 3 முதல் 8 வாரம் வரை வறட்டு இருமல் நீடிப்பது வழக்கமானதுதான்.

பாக்டீரியா உள்ளே புகுந்துகொள்வதும் இந்த இடைவெளியில்தான். 1918 தொற்றில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களை 2008இல் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களைக் கொன்றது வைரஸைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா என்று தெரிந்தது.

வார்டு_எண்_ஏழு

நுண்ணறை தம்பி, விஞ்ஞானம் சரி. ஆனால் ‘8 வாரம் வரை வழக்கம்’ என்று நம்ம ஊரில் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். நான் சுவாச வார்டில் நர்ஸ். இந்தியாவில் விதி வேறு: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை. இது தேசிய காசநோய்த் திட்டத்தின் அடிப்படை விதி. ‘ஃப்ளூவுக்கு அப்புறம் வந்த இருமல்தானே’ என்று மாதக்கணக்கில் டானிக் குடித்துவிட்டு எலும்பும் தோலுமாக வந்து நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே பார்ப்பார்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் ரத்தம் இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நுண்ணறை

முழுக்கச் சரி அக்கா. நான் சொன்னது உயிரணுவின் கணக்கு, நீங்கள் சொல்வது ஊரின் கணக்கு. இருமுகிறவர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

கரிசல்_மழை

பழுது பார்க்கும் ஏற்பாடு இவ்வளவு நேர்த்தியாக இருந்தால், ஏன் சிலருக்குத் தழும்பு விழுகிறது? எங்கள் தெருவில் ஒருவர் 2021இல் கோவிட் வந்து இன்னும் ஆக்சிஜன் சிலிண்டரோடுதான் இருக்கிறார்.

நுண்ணறை

இங்கேதான் கடந்த பதினைந்து ஆண்டுகளின் சுவாரசியமான வேலையெல்லாம் நடந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகை உயிரணு நேராகப் போய் முதல் வகையாக மாறிவிடுவதில்லை. நடுவில் ஒரு நிலை உண்டு. பழைய வேலையை விட்டிருக்கும், புது வேலையில் இன்னும் சேர்ந்திருக்காது. 2020இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டு, ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஆரோக்கியமான பழுதில் இந்த நிலை வந்து போய்விடும். அழற்சி அடங்காமல் நீடித்தால் உயிரணுக்கள் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. மாட்டிக்கொண்டவை பக்கத்திலுள்ள நார் உயிரணுக்களை ‘இன்னும் கொலாஜன் (தழும்பை உண்டாக்கும் நார்ப்புரதம்) போடு’ என்று தூண்டிக்கொண்டே இருக்கும். தழும்பு விழுந்த மனித நுரையீரல்களிலும், கோவிடில் இறந்தவர்களின் நுரையீரல்களிலும் இப்படி நடுவில் நின்றுபோன உயிரணுக்கள் ஏராளமாகக் கிடைத்தன.

அடுத்தது அவசரகாலப் பழுது. இரண்டாம் வகை மொத்தமாக அழிந்துபோன இடங்களில், மூச்சுக்குழாய்ப் பக்கமிருந்து வேறொரு வகை உயிரணு ஓடி வந்து இடத்தை மூடுகிறது. எச்1என்1 ஃப்ளூ வைரஸ் கொடுத்த எலிகளில் 2011இல் ஃப்ராங்க் மெக்கியான், வா ஷியான் என்ற ஆய்வாளர்களின் குழு இதைப் பார்த்தது. ‘ஆகா, நுரையீரலின் குருத்தணு (ஸ்டெம் செல்) கிடைத்துவிட்டது’ என்று அப்போது பெரிய பரபரப்பு. 2015 வாக்கில் வந்த ஆய்வுகள் அந்த உற்சாகத்தைக் குறைத்தன. ஓடி வந்தவற்றில் பெரும்பகுதி நுண்ணறையாக மாறவே இல்லை. மாதங்கள் கழித்தும் காற்றுப் பரிமாறாத கட்டிபோன்ற பைகளாகவே நின்றன. புயலில் ஓடு பறந்த கூரைக்குத் தார்ப்பாய் போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை உள்ளே வராது, ஆனால் அது கூரை ஆகிவிடாது. தார்ப்பாய் போடாமல் விட்டிருந்தால் ஆள் அன்றைக்கே போயிருப்பார் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக ஒரே ஆளின் நுரையீரலில் நல்ல பழுது, நடுவில் நின்ற பழுது, தார்ப்பாய் மூன்றும் அக்கம்பக்கமாக இருக்கலாம். ‘சரியாகிவிட்டதா, இல்லையா’ என்று ஒற்றை வரியில் கேட்டால் டாக்டர்கள் மழுப்புவது இதனால்தான்.

சந்தேகசாமி

எலி, எலி, எலி. எலிக்குப் புற்றுநோயே ஆயிரம் தரம் குணமாகிவிட்டது. மனிதனுக்கு என்ன ஆதாரம்?

நுண்ணறை

நியாயமான கேள்விதான். எலிக்கும் நமக்கும் அமைப்பிலேயே வித்தியாசம் உண்டு. நமக்கு மூச்சுக்குழாய் முடிந்து நுண்ணறை தொடங்கும் இடத்தில் ஒரு நீண்ட இடைப்பகுதி இருக்கிறது, எலிக்கு அது கிட்டத்தட்ட இல்லை. அந்த இடைப்பகுதியில் இரண்டாம் வகையாக மாறக்கூடிய தனி உயிரணு இருப்பதை 2022இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. எலியில் தேடினால் கிடைத்திருக்காது.

நேரடி மனித ஆதாரத்துக்கு 2003 சார்ஸைப் பாருங்கள். பெய்ஜிங்கில் பணியின்போது சார்ஸ் தொற்றிய மருத்துவப் பணியாளர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சி.டி.யில் தெரிந்த சேதம் 2003இல் நுரையீரலில் 9.4 சதவீதமாக இருந்தது, 2004இல் 3.2 ஆகக் குறைந்தது. 2018இல் 4.6. அதாவது முதல் ஆண்டில் பெரும்பகுதி சரியானது, மிஞ்சியது மிஞ்சியபடி நின்றது. பெரிதாக மோசமாகவும் இல்லை.

முழுதாய்ப் புது நுண்ணறை முளைக்குமா என்றால், அபூர்வமாக. புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலையே எடுத்த பெண் ஒருவருக்கு, 15 ஆண்டுக்குப் பிறகு மிச்சமிருந்த நுரையீரலில் நுண்ணறைகள் கூடியிருந்ததை 2012இல் பதிவு செய்தார்கள். அறுவை நடந்தபோது அவருக்கு 33 வயது. ஒரே ஒரு ஆள், அதுவும் தொற்று இல்லை. அதனால் இதை வைத்து யாருக்கும் வாக்குறுதி தர முடியாது.

கரிசல்_மழை

கோவிட் நேரத்தில் ‘சி.டி. ஸ்கோர் 25க்கு 17’ என்று கேட்டாலே குடும்பம் குலைநடுங்கும். அந்த எண்ணுக்கும் பிற்காலப் பழுதுக்கும் தொடர்பு உண்டா?

வார்டு_எண்_ஏழு

அது நுரையீரலின் ஐந்து மடல்களுக்குத் தலா 5 மதிப்பெண் போட்டு, எவ்வளவு பரப்பில் நிழல் விழுந்திருக்கிறது என்று சொல்கிற கணக்கு. நிழலுக்குள் இருப்பது நீரா, அழற்சியா, தழும்பா என்று அது சொல்லாது. நீரும் அழற்சியும் கரையும். 17 வாங்கியவர் ஆறு மாதத்தில் வயலுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன், 9 வாங்கியவர் இழுத்துக்கொண்டே இருந்ததையும் பார்த்திருக்கிறேன். தாமிரபரணி தம்பி, உங்கள் அறிக்கையில் உள்ள ‘கிரவுண்ட் கிளாஸ்’ பெரும்பாலும் கரையக்கூடிய வகை. ஆள் தேறிப் பல வாரம் கழித்துத்தான் படம் தேறும். 6 வாரம் கழித்து வரச் சொன்னது சும்மா இல்லை. அதற்கு முன்னால் பதறிப்போய் இன்னொரு சி.டி. எடுத்தால் பணமும் கதிர்வீச்சும்தான் மிச்சம்.

சந்தேகசாமி

வேலூர் சி.எம்.சி. ஆய்வு ஒன்று செய்தியில் வந்ததே? இந்தியர்களுக்கு நுரையீரல் பாதிப்பு அதிகம் என்று.

நுண்ணறை

ஆமாம். கோவிடிலிருந்து தேறிய 207 பேரைச் சோதித்தார்கள். சுமார் 44 சதவீதம் பேருக்கு வாயுப் பரிமாற்றத் திறன் குறைந்திருந்தது. அந்தத் திறனை அளக்கிற சோதனைக்கு டி.எல்.சி.ஓ. என்று பெயர். மிகச் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்துப் பத்து நொடி அடக்கி விடச் சொல்வார்கள், எவ்வளவு வாயு ரத்தத்துக்குள் போனது என்று பார்ப்பார்கள். நுண்ணறைச் சுவரின் நிலைமையை வெளியிலிருந்து அறிய இதைவிட நேரான சோதனை குறைவு. செய்தித்தாள்கள் அந்த ஆய்வைப் பற்றி ‘நிரந்தரச் சேதம்’ என்கிற தொனியில் எழுதின. ஒரு கட்டத்தில் எடுத்த அளவை வைத்து நிரந்தரம் என்று சொல்ல முடியாது.

தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் புரியவில்லை. ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது என்றால் ஆக்சிஜன் உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம்? அப்புறம் ஏன் மூச்சு இளைக்கிறது?

வார்டு_எண்_ஏழு

உட்கார்ந்து பார்த்தால் 97 காட்டும், நடக்க வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன். அப்பா நாற்காலியிலிருந்து எப்படி எழுகிறார் என்று கவனியுங்கள். இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, முன்னால் குனிந்து, ஒரு தம் பிடித்து எழுகிறாரா? அப்படியானால் இளைப்பில் பாதி நுரையீரலில் இல்லை, தொடையில் இருக்கிறது.

கனடாவின் டொரண்டோவில் தீவிர நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரை வைத்து 2003இல் வந்த ஆய்வு எங்கள் வார்டில் எல்லோருக்கும் பாடம் மாதிரி. ஐ.சி.யு.வை விட்டு வரும்போது சராசரியாக உடல் எடையில் 18 சதவீதம் போயிருந்தது. ஆறு மாதத்தில் மூச்சுக் கொள்ளளவு ஏறக்குறைய இயல்புக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு வருடம் ஆகியும் இயல்பான தூரம் நடக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டால் தசைப் பலவீனம், களைப்பு. ஐந்து ஆண்டு கழித்தும் 6 நிமிட நடையில் எதிர்பார்க்கும் தூரத்தில் 76 சதவீதம்தான் நடந்தார்கள். அப்பா அவ்வளவு மோசமான நிலைக்குப் போகவில்லை, அதனால் அவருக்கு இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் வீட்டில் எல்லோரும் நுரையீரலையே பார்த்துக்கொண்டு அவரைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல் ‘ரெஸ்ட் எடுங்க’ என்றால் தசை இன்னும் கரையும். முட்டை, பருப்பு, சுண்டல் கொடுங்கள். வெறும் கஞ்சி போதாது.

பழைய_சைக்கிள்

மூன்று பந்து ஸ்பைரோமீட்டர்? பலூன் ஊதுவது? ஆவி பிடிப்பது, கபசுரக் குடிநீர்?

வார்டு_எண்_ஏழு

பந்து சாதனத்தில் மூச்சை ‘இழுக்க’ வேண்டும். பாதிப் பேர் ஊதுகிறார்கள்! 600, 900, 1200 என்று போட்டிருக்கும், மூன்றாவது பந்தை மேலே முட்ட வைப்பது பந்தயம் இல்லை. இரண்டு பந்தை மெதுவாகத் தூக்கி, அப்படியே நிறுத்தி வைப்பதுதான் பயன். அடியில் மூடிக்கிடக்கும் பகுதிகள் விரியும், சளி நகரும். அதனால் புது உயிரணு முளைக்காது. பலூன் ஊதுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஆவி பிடித்தால் மூக்கும் தொண்டையும் இதமாகும், நுண்ணறை வரை எதுவும் போகாது. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வந்தவர்களையும் நாங்களே பார்க்கிறோம். குடிநீர் குடித்துத்தான் தழும்பு கரைந்தது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. வாய்க்கு இதமாக இருந்தால் சித்த மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள், கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்காதீர்கள்.

கரிசல்_மழை

எதிர்ப்புச் சக்தியை ஏற்றினால் பழுது சீக்கிரம் நடக்கும் என்று எல்லா டப்பாவிலும் எழுதியிருக்கிறதே?

நுண்ணறை

எனக்கு எரிச்சல் தருகிற வாசகம் அது. எதிர்ப்பும் பழுதும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. வைரஸ் வந்ததும் உடல் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. அது அண்டை உயிரணுக்களிடம் ‘பிரியாதே, பெருகாதே, கதவைச் சாத்து’ என்கிறது. வைரஸ் இருக்கும்போது அது உயிர் காக்கும் உத்தரவு. வைரஸ் போன பிறகும் அந்த உத்தரவு நீடித்தால் பழுது பார்க்க வேண்டிய உயிரணுக்களும் பிரியாமல் நிற்கும். லண்டனின் ஃபிரான்சிஸ் கிரிக் நிலையத்திலிருந்து ஒன்று, பாஸ்டனிலிருந்து ஒன்று என இரண்டு ஆய்வுகள் 2020இல் எலிகளில் இதைக் காட்டின. சந்தேகசாமி மன்னிக்கவும், எலிதான்.

மறுபக்கம், எதிர்ப்பு மண்டலத்திலேயே பழுதுக்கு உதவும் பிரிவும் உண்டு. சிலவகை நிணநீர் அணுக்கள் ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தைச் சுரந்து உள்பூச்சு உயிரணுக்களை வளரத் தூண்டுகின்றன. அவற்றை நீக்கிவிட்டால், வைரஸ் ஒழிந்த பிறகும் எலிகளின் நுரையீரல் சேதமாகவே நிற்கிறது. வயதான எலிகளில் இன்னொரு தொல்லை: வைரஸைக் கொல்ல வந்த டி அணுக்கள் வேலை முடிந்தும் நுரையீரலை விட்டுப் போகாமல் தங்கி, அழற்சியையும் தழும்பையும் வளர்க்கின்றன. 30 வயதுக்காரர் தேறும் வேகத்தில் 60 வயதுக்காரர் தேறாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே ‘ஏற்று’ என்பதைவிட ‘எப்போது அடங்குகிறது’ என்பதுதான் கேள்வி. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதாசோன், ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளின் உயிரைக் காத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை என்று 2020இல் பிரிட்டனில் தெரிந்ததையும் இந்தக் கோணத்தில் யோசிக்கலாம்.

பழைய_சைக்கிள்

பிர்ஃபெனிடோன் என்று ஒரு மாத்திரை, தழும்பைக் கரைக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

வார்டு_எண்_ஏழு

கரைக்காது. காரணம் தெரியாமல் வளர்ந்துகொண்டே போகும் ஒருவகை நுரையீரல் தழும்பு நோயில், வளரும் வேகத்தைக் குறைக்கும். வைரஸுக்குப் பின் விழும் தழும்பு பெரும்பாலும் அப்படி வளர்வதில்லை. வயிற்றுப் புரட்டல், வெயில் பட்டால் தோல் எரிச்சல், கல்லீரல் சோதனை என்று அதற்குத் தனிப் பாடு உண்டு. கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள், நுரையீரல் டாக்டர் படம் பார்த்துச் சொன்னால் மட்டும்.

தாமிரபரணிக்கரை

சரி. 6 வார ரிவியூவுக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும்? அதற்குள் வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

வார்டு_எண்_ஏழு

அங்கே கேளுங்கள்: எக்ஸ்ரே போதுமா, இல்லை சி.டி. வேண்டுமா? 6 நிமிட நடைச் சோதனையும் டி.எல்.சி.ஓ.வும் எப்போது? டி.எல்.சி.ஓ. எல்லா ஊரிலும் இருக்காது, பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். அது இல்லாவிட்டாலும் நடைச் சோதனையே நிறையச் சொல்லும்.

வீட்டில், சுவரோரம் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி போடுங்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், விரலில் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். தொடங்கும்போது எத்தனை, முடிந்ததும் எத்தனை என்று நோட்டில் குறியுங்கள், வாரம் ஒருதரம் போதும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நல்லது. ஆக்சிஜன் அளவு 4 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, 90க்குக் கீழே போனாலோ ரிவியூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கினால், திடீரென நெஞ்சு வலித்தால் அன்றைக்கே போங்கள். படுத்துக் கிடந்தவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு, அது பழுது பார்க்கிற விஷயமே இல்லை.

சந்தேகசாமி

அந்த நாற்காலிச் சோதனையை நானே செய்து பார்த்தேன். எனக்கு நோய் எதுவும் இல்லை. எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன்.

வார்டு_எண்_ஏழு

சொல்லாவிட்டால் பரவாயில்லை அண்ணா, நாளையிலிருந்து நடங்கள். அப்படியே இந்த வருட ஃப்ளூ ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தாமிரபரணி தம்பி, உங்கள் அப்பாவுக்கும்தான். அதோடு நிமோனியா தரும் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி பற்றியும் ரிவியூவிலேயே கேட்டுவிடுங்கள்.